பேணியில் குறைந்த ஒரு புளியங்கொட்டை

ஓகஸ்ட் மாதம் இரண்டாம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி ஏழு நிமிடம். முகில் இல்லை. சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விசுவமடுவில் எங்கள் அந்தோனியார் கோவில் வளவுப் புழுதியில் பாதி, அவரவர் பிளேன்ரீக் கோப்பைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

இந்தத் தொடரில் நான் நாளும் நேரமும் சொல்வதில்லை. ‘ஒரு மாரியில்’ என்றும் ‘அந்தக் காலத்தில்’ என்றும் எழுதித் தப்பிவிடுவேன். எல்லாவற்றையும் எண்ணுகிற மனிதர் நாளை மட்டும் ஏன் எண்ணுவதில்லை என்று அக்கராயனில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் இந்த அத்தியாயம்.

அதே வாசகர், சென்ற வாரம் குளக்கட்டுப் படிகள் பதினொன்று என்று நான் எழுதியது பிழை, பன்னிரண்டு என்றும் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். பன்னிரண்டுதான். கடைசிப் படி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அவருக்கு என் நன்றி. எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று கோவில் வளவில் வேம்பின் கீழ் நான்கு நீள வாங்கு போட்டு இருபத்தாறு பேர் கூடியிருந்தோம். முன்னால் ஒரு கறுப்புக் கல் சாத்தியிருந்தது. அதில் எழுத்து வெட்டப் பரந்தனில் இருந்து வந்தவர், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“வாசிக்கிறன், கேளுங்கோ,” என்றார் சூசைப்பிள்ளை. கோவில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்: “இடம்பெயர்ந்த நாளிலும் ஒரு ஞாயிறும் தவறாது செபித்த நாற்பத்தொரு பேர் நினைவாக.”

“முப்பத்தெட்டு எழுத்து,” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“மாஸ்டர் எண்ணிப்போட்டார். இனிக் கல்லுக்குப் பிழை வராது,” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். கல் வெட்டுபவர் மட்டும் சிரிக்கவில்லை. “எழுத்துக்கு இருநூற்றைம்பது. புள்ளிக்குக் காசில்லை,” என்றார்.

“இந்தக் கல்லு மாஸ்டரின்ர கல்லு,” என்றார் சூசைப்பிள்ளை. “அவர் இல்லாட்டி அண்டைக்கு எங்களை ஆர் ஒண்டாக்கி இருத்தினது?”

அந்த முப்பத்தெட்டு எழுத்துக்குள் ஒரு பொய் இருந்தது. அது பொய் என்பது பதினாறு வருடமாக எனக்கு மட்டுமே தெரியும். சொன்னால், மிஞ்சியிருப்பவர்களிடம் இருந்து அவர்களுடைய ஞாயிறுகளைப் பறித்தவன் ஆவேன். சொல்லாவிட்டால், என் பொய்யைக் கல்லில் வெட்டக் கொடுத்தவன் ஆவேன். பிறகு சாகும்வரை பூசையில் தருகிற நன்மை அப்பத்தை வாங்க எனக்கு வழியில்லை.

எத்தனை தரம்?

எங்கள் வேதத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பெரிய பாவம் என்றால் இன்ன பாவம் என்று சுவாமியாரிடம் சொன்னால் போதாது. எத்தனை தரம் என்றும் சொல்லவேண்டும். வகையும் தொகையும்.

எட்டு வயதில், முதல் நன்மைக்கு எங்களை ஆயத்தப்படுத்திய கன்னியாஸ்திரி இதைச் சொன்னபோது மற்றப் பிள்ளைகளின் முகம் வாடியது. எனக்கோ பெரிய சந்தோசம். கணக்குப் பாடம் கோவிலுக்குள்ளும் வருகிறதே!

“மாங்காய் களவு, பதினொரு தரம், சுவாமி. அதிலை ரெண்டு வெம்பல்.”

“வெம்பலைக் கழிச்சு ஒன்பதெண்டு வைப்பமோ?” என்றது சங்கீர்த்தனக் கூட்டின் அழிக்கு அந்தப் பக்கம் இருந்த கிழட்டுக் குரல்.

“இல்லைச் சுவாமி. எடுத்தது எடுத்ததுதான்.”

சுவாமியார் கனநேரம் இருமினார். அது இருமல் இல்லை என்று விளங்க எனக்குப் பத்து வருடம் எடுத்தது.

பிறகு கணித ஆசிரியன் ஆனேன். முப்பத்துநான்கு வருடம் படிப்பித்தேன். என் வீட்டுப் படலையில் இருந்து கோவில் வாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. மாரியில் வெள்ளக் கிடங்கைச் சுற்றிப் போவதால் அறுநூற்று முப்பது.

சட்டம் எனக்கு ஒருநாளும் சுமையாக இருந்ததில்லை. நன்மைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்து என்றால் எழுபது நிமிடத்துக்கு முன் நிறுத்துவேன். விசுவாசம் எப்படி என்று யாராவது கேட்டிருந்தால், சட்டத்தை ஒழுங்காகக் கைக்கொண்டால் விசுவாசம் பின்னால் தானாக வரும் என்று சொல்லியிருப்பேன், வகுத்தலில் மீதி வருவதுபோல. ஒருவரும் கேட்கவில்லை.

பால்மாப் பேணி

யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒன்பது குடும்பம், நாற்பத்தொரு பேர், ஒன்றாக இடம்பெயர்ந்தோம். எங்கள் சுவாமியார் வேறு பக்கம் அகப்பட்டுவிட்டார். பூசை இல்லை. கலண்டர் இல்லை.

நான் நாளுக்கொரு புளியங்கொட்டையை ஒரு வெறும் பால்மாப் பேணிக்குள் போட்டு வந்தேன். ஏழாவது கொட்டை விழுந்தால் ஞாயிறு. அன்று விடிந்ததும் தறப்பாள் கூடாரத்துக்கு முன் நின்று பேணியைக் கிலுக்குவேன். அதுதான் எங்கள் கோவில் மணி. எல்லோரும் வந்து மண்ணில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வோம். தகரப் பேணிக்குள் கொட்டை உருளும் அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மழை தூறத் தொடங்குவது போன்ற சத்தம்.

என் மனைவி திரேசம்மா அந்த வழியில் போய்விட்டா. அதை எழுதும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. அவவைப் புதைத்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டு எழும்பியபோது ஒரு பகலும் ஓர் இரவும் போயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு கொட்டையைப் பேணிக்குள் போட்டேன்.

போயிருந்தது இரண்டு நாள்.

அதன்பிறகு பன்னிரண்டு ஞாயிறு பேணியைக் கிலுக்கினேன். பன்னிரண்டும் திங்கட்கிழமை.

எங்களோடு பார்வதியும் இருந்தார். எங்கள் வேதம் இல்லை, சைவம். சிறு வயதில் மலையகத்தில் இருந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, எங்கள் பக்கத்து வயல்களில் நாற்று நட்டு, களை பிடுங்கி வாழ்ந்தவர். நாற்பத்தொரு பேரில் அவரும் ஒருவர். நாங்கள் செபமாலை சொல்லும்போது பின்னால் வந்து இருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை விரதத்தை அங்கேயும் விடவில்லை. சாப்பாடே இல்லாத இடத்தில் விரதம் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

ஒருநாள் காலை கஞ்சியை வேண்டாம் என்றார்.

“இன்னைக்கு வெள்ளிங்க, மாஸ்டர் ஐயா.”

“இல்லை பார்வதி. இண்டைக்கு வியாழன். பேணியைப் பாரும்.”

பேணிக்குள் எட்டிப் பார்த்தார். “சரிங்க,” என்று சிரித்தார். ஆனால் பொழுது படும்வரை கஞ்சியைத் தொடவில்லை. பாவம், பசியில் இவருக்கு நாள் மாறிப்போய்விட்டது என்று நான் இரங்கினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சனிக்கிழமை காலைகளில் தண்ணீர் வரிசைக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். “மாஸ்டர் நிண்டா ஒருதரும் இடையிலை புக ஏலாது,” என்பார் சூசைப்பிள்ளை. உண்மைதான். முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர், எத்தனை வாளி என்று எந்த நேரமும் என்னிடம் கணக்கிருக்கும். வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றாலும் அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பன்னிரண்டில் ஏழாவது ஞாயிறு. செபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வழியால் போன உழவு இயந்திரம் ஒன்றில் யாரோ வானொலியை வைத்துக் கேட்டுக்கொண்டு போனார்கள். செய்தி வாசித்த பெண், இன்று திங்கட்கிழமை என்றாள்.

அடுத்த கிழமையே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீடு போய், ஊர் போய், திரேசம்மா போய், என்னிடம் கணக்கு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதுவும் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. இதைத் துக்கம் என்று எழுத ஆசைதான். பெருமை என்று எழுதுவதே சரி. திங்கள் என்று தெரிந்துகொண்டே, ஞாயிறு என்று ஐந்து தரம் பேணியைக் கிலுக்கினேன்.

செட்டிகுளம் முகாமில் எங்களைப் பதிந்தபோது திகதியும் கிழமையும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. களவாக இன்னொரு கொட்டையைப் பேணிக்குள் போட்டேன். யாராவது கேட்பார்கள் என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

கூடக் குறைய

பூசைக்குப் போக வழியே இல்லாதவனை ஞாயிறுக் கடமை கட்டுப்படுத்தாது. அந்தச் சட்டம் எனக்கும் தெரியும். என் பாவம் அது இல்லை. என் பாவம் பொய். அதுவும் செபத்துக்குக் கூப்பிட்டுச் சொன்ன பொய்.

எத்தனை தரம்? ஐந்து என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு தரமும் எத்தனை பேரை ஏமாற்றினேன்? திரேசம்மா போன பிறகு, என்னைத் தவிர்த்து முப்பத்தொன்பது பேர். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது என்னைத் தவிர்த்து முப்பத்துமூன்று பேர். அப்படியென்றால் என் பாவத்தின் தொகை நூற்றறுபத்தைந்துக்கும் நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கும் இடையில் எங்கேயோ இருந்தது. எந்தத் திங்களில் யார் இருந்தார்கள், யார் போயிருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கத் தொடங்குவேன். கணக்கு நின்றுவிடும். முகங்கள் வரும்.

நான்கு தரம் சங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்திருக்கிறேன். ஒருமுறை எங்கள் இப்போதைய சுவாமியாரிடம், வேறு யாருக்கோ போலக் கேட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு வயதுப் பொடியன். நான் படிப்பித்த பிள்ளைகளின் பிள்ளை வயது.

“தொகை தெரியாட்டி என்ன செய்யிறது, சுவாமி?”

“ஏறக்குறையச் சொன்னாக் காணும், மாஸ்டர். அதுவும் சட்டத்திலை இருக்கு.”

“ஏறக்குறையவோ?”

“ஓம். கூடக் குறைய.”

முப்பத்துநான்கு வருடம் கணிதம் படிப்பித்தவனிடம் கூடக் குறைய என்கிறார்! சட்டம் என்னைவிட இரக்கமாக இருந்தது. அதை நான் சட்டத்தில் உள்ள ஓட்டை என்று எடுத்துக்கொண்டேன்.

சங்கீர்த்தனம் இல்லாமல் நன்மை வாங்கக்கூடாது. பதினாறு வருடம், எண்ணூற்று நாற்பத்தைந்து ஞாயிறு, பூசையில் நன்மை கொடுக்கத் தொடங்கியதும் எழும்பி வெளியே போவேன். வளவில் நிற்கும் சைக்கிள்களை எண்ணுவேன். சைக்கிள் களவு போகிறது, ஒருவர் பார்க்கத்தானே வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு சைக்கிள்தான் காணாமல் போனது. அது என்னுடையது.

கல்லுக்கு முன்னால்

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கல் வெட்டுபவர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார். நான் எழும்பினேன்.

“சூசைப்பிள்ளை, வெட்ட வேண்டாம். அதிலை பொய் இருக்கு.”

சொன்னேன். காய்ச்சல், கொட்டை, வானொலி, ஐந்து திங்கட்கிழமை, முகாமில் களவாகப் போட்ட கொட்டை, எல்லாம். ஒன்பது நிமிடம் எடுத்தது. இருபத்தாறு பேரில் ஒருவரும் தலை நிமிரவில்லை. கல் வெட்டுபவர் பென்சிலைத் திரும்பவும் காதில் செருகினார்.

பின்னால் தேநீர்க் கேத்திலோடு நின்றவர் பார்வதி. இப்போது அவருக்கு எழுபதுக்குக் கிட்ட. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வருவார். கோவிலில் கூட்டம் என்றால் தேநீரும் அவர்தான்.

கேத்திலை வாங்கில் வைத்தார்.

“மூப்பரே, இப்பவாச்சும் சொல்லிறலாமா?”

“சொல்லும் பார்வதி,” என்றார் சூசைப்பிள்ளை. “நீர்தானே தொடக்கி வைச்சது.”

“காய்ச்சல்ல நீங்க ரெண்டு நாள் கிடந்தீங்க, மாஸ்டர் ஐயா. கஞ்சி ஊத்துனது நான்தானே, எனக்குத் தெரியாதா? எந்திரிச்சு ஒரே ஒரு கொட்டையைப் போட்டீங்க. அன்னைக்கே மூப்பர்கிட்ட சொல்லிட்டேன்.”

“அண்டைக்கேயோ?”

“அண்டைக்கே,” என்றார் சூசைப்பிள்ளை. “எல்லாருக்கும் தெரியும் மாஸ்டர். உங்களுக்குத்தான் தெரியாதெண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தம்.”

நான் திரும்பவும் வாங்கில் இருந்தேன்.

“அப்ப ஞாயிறு?”

“ஞாயிறு எப்ப தவறினது? சனி சனியெண்டு நீங்கள் தண்ணி வரிசைக்குப் போனியளே, அதுதான் ஞாயிறு. நீங்கள் அங்காலை போக, நாங்கள் இங்காலை செபமாலை. மெதுவாத்தான். பேணி கிலுக்காமல்.”

“அடுத்த நாள்?”

“அடுத்த நாள் உங்களோடை, இன்னொருக்கா.”

“அப்ப என்னை நம்பி வரிசைக்கு விட்டதெண்டது?”

“நம்பித்தான் விட்டது. மாஸ்டர் முழு வரிசையையும் எண்ணி முடிக்காமல் திரும்பமாட்டார் எண்டு நம்பி.”

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. எனக்குக் கோபம் வந்தது. “ஏன் எனக்குச் சொல்லேல்லை? பன்னிரண்டு கிழமை! ஒரு வாய் திறக்கேல்லையே!”

பார்வதிதான் பதில் சொன்னார்.

“உங்க வீட்டம்மா போனதுக்கப்புறம் நீங்க எந்திரிக்கவே இல்லீங்க. அந்தப் பேணிய ஆட்டுறதுக்குத்தான் எந்திரிச்சீங்க. அதையும் பிடுங்கிக்கச் சொல்றீங்களா?”

நான் பார்வதியின் பக்கம் திரும்பினேன்.

“நீர் சைவம், பார்வதி. உமக்கு ஒரு செபமாலையும் கடனில்லை. கிழமைக்கு ரெண்டு தரமோ முழந்தாளிலை நிண்டனீர்?”

“அது கிடக்குதுங்க. வெள்ளிக்கிழமைய வியாழன்னு நீங்க அடிச்சுச் சொன்னீங்களே, அன்னைக்குச் சிரிப்ப அடக்குனதுதான் கஷ்டம்.”

அதோடு எல்லோரும் சிரித்தார்கள். கல் வெட்டுபவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர்களை எண்ண நினைத்தேன். என் கண்ணும் கலங்கியிருந்ததால் எண்ணிக்கை சரியாக வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன். பன்னிரண்டு ஞாயிறிலும் அவர்கள் ஒன்றையும் தவறவிடவில்லை. தவறவிட்டவன் நான் ஒருவன், வாளியோடு வரிசையில் நின்றுகொண்டு. ஞாயிறைச் சட்டம் கேட்டது, கொடுத்தார்கள். திங்களை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. செல் குண்டு விழுகிற இடத்தில், பசியோடு, ஒரு கிழவனின் பிழையான நாளில் வந்து முழந்தாளிட்டு, அதையும் கொடுத்தார்கள். மீதி என்று நான் ஒதுக்கி வைத்திருந்த அந்த விசுவாசத்துக்குள் பன்னிரண்டு கிழமை குடியிருந்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்குத்தான் தெரியவில்லை.

ஐந்து

அன்று பின்னேரம் மூன்று நாற்பதுக்கு அதே வேம்பின் கீழ் சுவாமியார் ஒரு கதிரையில் இருந்தார். நான் முழந்தாளிட்டேன்.

“பொய், சுவாமி.”

“எத்தனை தரம்?” அவர் கேட்டிருக்கத் தேவையில்லை. என்னைத் தெரிந்துதான் கேட்டார்.

“ஐந்து.”

“எத்தனை பேரை ஏமாத்தினியள்?”

“ஒருதரையும் இல்லை, சுவாமி. ஒருதரும் ஏமாறேல்லை.”

அவரும் இருமினார். இந்தமுறை எனக்கு உடனே விளங்கியது.

“பரிகாரமாத் திங்கக்கிழமை வந்து ஒரு செபமாலை சொல்லுங்கோ. எண்ணாமல்.”

“செபமாலையை எண்ணாமல் எப்பிடிச் சுவாமி சொல்லுறது?”

“மணி எண்ணும். நீங்கள் பேசாமல் சொல்லுங்கோ.”

மறுநாள் ஞாயிறு. அறுநூற்றுப் பன்னிரண்டு அடி அன்று ஐந்நூற்று எண்பத்தெட்டில் முடிந்தது. எழுபத்தெட்டு வயதில் என் கால் எட்டு நீண்டிருக்கிறது. நன்மை நேரம் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழும்பினேன், வாசல் பக்கம் போகாமல் வரிசையில் நின்றேன். நாக்கில் வைத்ததும் ஒட்டிக்கொள்கிற அந்த மெல்லிய அப்பத்தின் ருசி மாறவில்லை. ருசி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத ருசிக்குத்தான் பதினாறு வருடம் ஏங்கியிருந்தேன்.

வெளியே வந்தபோது சூசைப்பிள்ளை வாசலில் நின்றார்.

“மாஸ்டர், சைக்கிள் பதினேழும் நிக்குது. நான் எண்ணினன்.”

திங்கட்கிழமை விடிய, பரிகாரச் செபமாலைக்குத் தனியாகப் போகலாம் என்று புறப்பட்டேன். முதல் நாள் பேச்சுவாக்கில் சூசைப்பிள்ளையிடம் சொன்னது என் பிழை. பாதி வழியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. மழை தூறுவது போல. வானத்தைப் பார்த்தேன், ஒரு முகிலும் இல்லை.

கோவில் வாசலில் நின்று சூசைப்பிள்ளை ஒரு பால்மாப் பேணியைக் கிலுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே, அந்த நாற்பத்தொரு பேரில் இன்றைக்கு ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் எல்லோரும் முழந்தாளில். பின்னால் பார்வதி.

“பத்தொன்பது,” என்றேன்.

“எண்ணாதேங்கோ எண்டெல்லோ சுவாமி சொன்னவர்!” என்றது உள்ளிருந்து ஒரு குரல். பதினாறு வருடத்துக்குப் பிறகு பகிரங்கமாக, சரியான நாளில், எங்கள் பதின்மூன்றாவது திங்கள் செபமாலையைச் சொன்னோம். கோவில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

செபம் முடிந்ததும் கல் வெட்டுபவரிடம் போய் ஒரு சொல்லைக் கூட்டச் சொன்னேன். ‘ஒரு ஞாயிறும் திங்களும் தவறாது’ என்று இப்போது அந்தக் கல்லில் இருக்கிறது. மூப்பர் கோவில் காசை எடுக்க வந்தார். விடவில்லை. அந்தச் சொல்லை நானே வாங்குவேன் என்று நின்றேன். ஐந்து எழுத்து. இரண்டு புள்ளிக்கும் காசில்லை.

ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபா.